புல்லட் கேள்வி பதில்: எஞ்சினைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்

ராயல் என்ஃபீல்டு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். அது என் தப்பில்லை, உங்கள் ஆர்வம்: கேள்விகள் குவிந்துவிட்டன. பழுதைக் கேட்டுவிட்டு, வண்டி எந்த மாடல், எந்த வருடம் என்று போடாத கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

மேலத்தெரு: அண்ணே, ஒருத்தர் புல்லட்டைக் குலதெய்வம் மாதிரி பேசுகிறார். இன்னொருத்தர் "எண்ணெய் ஒழுகும் இரும்பு" என்று திட்டுகிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், தம்பி. ஆனால் இரண்டு பேரும் பேசுவது வேறு வேறு வண்டியைப் பற்றி. தொட்டி மேலே இருக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

1955-ல் இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்ததில் தொடங்கி, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரானது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின். 346 சிசி, எஞ்சின் தனி, கியர் பெட்டி தனி, கியர் வலது காலில், பிரேக் இடது காலில். எண்ணெய் ஒழுகுவதாகச் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். எஞ்சினிலிருந்து கிளச்சுக்குப் போகும் பிரைமரி செயினின் மூடியைப் பாருங்கள்: அவ்வளவு பெரிய மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கும். ஒழுகுகிறதே என்று அந்த நட்டை வெறியோடு முறுக்குவார்கள். மூடி வளையும், இன்னும் அதிகமாக ஒழுகும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றி அளவாக முறுக்கினால் போதும்.

2008, 2009 வாக்கில் யூசிஇ எஞ்சின் வந்தது. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே உடம்பாயின, வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் சேர்ந்தது. ஒழுகல் பெரிதும் குறைந்தது, அதிர்வு குறையவில்லை. 2020 கடைசியில் மீட்டியார் மாடலோடு ஜே வரிசை எஞ்சின் வந்தது. 349 சிசி, உள்ளே பேலன்சர் ஷாஃப்ட். அதிர்வும் பெருமளவு அடங்கியது. அதனால் யாராவது புகழ்ந்தாலும் திட்டினாலும், முதலில் எந்த எஞ்சின் என்று கேளுங்கள்.

குட்டைக்கால்: உயரம் கொஞ்சம் குறைவு. கிளாசிக்கா, மீட்டியாரா?

மீட்டியார். இருக்கை உயரம் 765 மி.மீ., கிளாசிக் 805. ஆனால் ஷோரூமில் உட்கார்ந்து மட்டும் பார்க்காதீர்கள். இறங்கி, சரிவில் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். இரண்டுமே 190 கிலோவுக்கு மேல்.

லிட்டர்கணக்கு: மைலேஜ் எவ்வளவு தரும்?

இது உங்கள் முதல் கேள்வி என்றால் வேறு வண்டி பாருங்கள்.

காலைநேரம்: 2014 கிளாசிக் 350. காலையில் செல்ஃப் அழுத்தினால் "கடக்"கென்று உள்ளே ஏதோ உடைவது போலச் சத்தம். அப்புறம் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

"அப்புறம் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது" என்று எத்தனை நாள் சமாதானம் சொல்வீர்கள்? ஸ்ப்ராக் கிளச் போகும் அறிகுறி அது. செல்ஃப் மோட்டாரின் சுழற்சியை ஒரே திசையில் கிராங்குக்கு, அதாவது பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டுக்கு, கொடுக்கும் பாகம். பேட்டரி தளர்ந்திருந்தால் மோட்டார் பிஸ்டனை மேலே தள்ள முடியாமல் பாதியில் நிற்கும், எஞ்சின் திருப்பி உதைக்கும், அந்த உதை முழுவதும் ஸ்ப்ராக்கின் தலையில் விழும். பேட்டரியைச் சோதியுங்கள். எல்லா யூசிஇ வண்டிக்காரர்களுக்கும் சொல்கிறேன்: பேட்டரி தளர்ந்திருந்தால் செல்ஃபைத் தொடாதீர்கள். கிக்கர் எதற்கு இருக்கிறது?

தடதடப்பிரியன்: 2016 கிளாசிக். ஐடிலிங்கை, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தை, குறைத்தால் பழைய புல்லட்டின் தட்-தட் பீட் வரும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

செய்யாதீர்கள். எண்ணெய் பம்ப்பு கிராங்கோடுதான் சுற்றுகிறது. வேகம் குறைந்தால் எண்ணெய் அழுத்தமும் குறையும். ஹைட்ராலிக் டேப்பட் அந்த அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது டிக் டிக் என்று தட்ட ஆரம்பிக்கும். ஆல்டர்நேட்டரும் போதுமான மின்சாரம் தராது. பேட்டரி இறங்கும். பேட்டரி இறங்கினால் என்ன ஆகும்? மேலே ஒருவருக்கு எழுதியதைப் படியுங்கள்.

அப்பாவின்வண்டி: அண்ணே, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். எங்க அப்பாவின் 1986 வண்டி எண்ணி எண்ணித்தான் அடிக்கும். இன்னும் ஓடுகிறது. அது கெடலையே?

அது வேறு எஞ்சின் என்றுதானே ஆரம்பத்திலிருந்து கத்துகிறேன்! அதன் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் உள்ளே இருப்பதை அமுக்கும் அளவு, 6.5-க்கு 1 அளவில்தான். ஃப்ளைவீல் கனம். ஹைட்ராலிக் டேப்பட் கிடையாது. மெதுவாகச் சுற்றினாலும் அந்தக் கனம் இழுத்துக்கொண்டு போகும். அதிலும் எண்ணெய் சரியாகப் போகாமல் பிஸ்டன் கம்பி கிராங்கோடு சேரும் இடத்து பிக் எண்ட் புஷ் தேய்ந்த வண்டிகள் ஏராளம். உங்கள் அப்பா எண்ணெயைத் தவறாமல் பார்த்திருப்பார். பாராட்டு அவருக்கு, ஐடிலிங்குக்கு இல்லை.

தடதடப்பிரியன்: அப்படியானால் புது வண்டிக்கு ஆன்மாவே இல்லை என்று ஒத்துக்கொள்கிறீர்களா?

கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாமல், கை மரத்துப்போய் ஓட்டுவதுதான் ஆன்மா என்றால், ஜே எஞ்சினில் அது இல்லைதான். பழையதில் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மி.மீ., ஜேயில் 85.8. கம்ப்ரஷன் கூடியிருக்கிறது, புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. பழைய சத்தம் எங்கிருந்து வரும்? அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். அது வேண்டுமென்றால் அந்த வண்டியை வாங்குங்கள், இதைப் போட்டுக் கொல்லாதீர்கள்.

அப்பாவின்வண்டி: அதைத்தான் நானும் சொல்கிறேன், பழசுதான் புல்லட்.

நீங்கள் வேறு எதையோ சொல்கிறீர்கள். சரி, விடுங்கள்.

வெடிச்சத்தம்: 2022 கிளாசிக்குக்கு வேறு சைலன்சர் போடலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படியுங்கள். ஊர் தூங்கும் நேரத்தையும் கொஞ்சம் நினையுங்கள்.

நெடுஞ்சாலை: 2018 கிளாசிக். ஐடிலிங் குறைத்தால்...

மேலே.

ஒப்பீடு: மீட்டியாரா, ஹார்லி எக்ஸ்440-ஆ?

ஹார்லி எக்ஸ்440-ஐ நான் பிரித்து வேலை பார்த்ததில்லை. பார்த்தவரிடம் கேளுங்கள்.

பழையஇரும்பு: 1989 வார்ப்பிரும்பு வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

இன்றைக்கு வந்த நல்ல கேள்வி. முதலில் ஆர்சி: 15 வருடம் தாண்டிய வண்டி, பதிவு புதுப்பித்திருக்க வேண்டும். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்சியோடு பொருந்த வேண்டும். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைக்கச் சொல்லாதீர்கள், குளிர்ந்த எஞ்சினைத்தான் உதைத்துப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது, மேலே வால்வை அமுக்கும் ராக்கருக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயின் பேஞ்சோ போல்ட்டை (நடுவில் துளையுள்ள போல்ட்) லேசாகத் தளர்த்துங்கள். எண்ணெய் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

உதைப்பதற்கும் முறை இருக்கிறது. சாவியைப் போட்டு, கிக்கரைக் கையால் அமுக்குவது போல மெதுவாகக் காலால் அமுக்குங்கள். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் துளி அமுக்கி, விடுங்கள். கிக்கர் மேலே வந்ததும் முழுக்க ஒரே உதை. குருட்டாம்போக்கில் உதைத்தால் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும்.

அப்புறம் பிரேக். அவசரத்தில் வலது கால் பழக்கப்படி பிரேக்கைத் தேடும், அங்கே இருப்பது கியர். வண்டி நிற்காது. முதலில் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுங்கள். வீட்டில் இடது பக்கக் கியர் வண்டியும் இருந்தால், கால் பழகும் வரை அதைத் தொடாதீர்கள்.