புகை அடிக்க யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்து வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு) குடியிருக்கிறோம். எங்கள் வரிசையில் இந்த மாதம் இரண்டு பேருக்கு டிங்கிக் காய்ச்சல். புகை அடிக்க நகராண்மைக் கழகத்திடம் கேளுங்கள் என்கிறார் எங்கள் மேற்பார்வையாளர் மண்டோர். பக்கத்து வீட்டு அக்கா, சுகாதார இலாகாவைக் கூப்பிடு என்கிறார். கால்வாய் வேறு அடைத்துக்கொண்டு நாறுகிறது. யாரிடம் போவது?

பதில்: அக்கா சொன்னதைக் கேளுங்கள். டிங்கி என்று பதிவானால் முதலில் அசைய வேண்டியது மாவட்டச் சுகாதார அலுவலகம். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் இருப்பதால் உங்களுக்கு அந்த மாவட்டத்து அலுவலகம்தான். தோட்டம் தனியார் நிலமாயிற்றே, உள்ளே வருவார்களா என்று யோசிக்க வேண்டாம். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகாரிகள் எந்த வளாகத்துக்குள்ளும் வந்து சோதனை செய்யலாம்.

ஆனால் போன் போட்டதும் புகை இயந்திரத்தோடு வந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு மாவட்டத்துக்கு இருக்கிற ஆட்கள் கொஞ்சம். யார் வீட்டுக்கு முதலில் போவது என்பதை முடிவு செய்வது நோயாளிகளின் பதிவு. கிளினிக்கில் டிங்கி என்று தெரிந்தால், அரசு கிளினிக் ஆனாலும் தனியார் ஆனாலும், 24 மணி நேரத்துக்குள் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே இடத்தில் 14 நாளுக்குள் இரண்டு பேர் பதிவானால் அதை நோய்ப்பரவல் என்று கணக்கில் எடுப்பார்கள். அது 30 நாளைத் தாண்டி நீண்டால் ‘ஹோட்ஸ்பாட்’. வாராவாரம் வேலையைப் பங்கிடும்போது இந்த இடங்களுக்குத்தான் முன்னுரிமை.

இங்கேதான் தோட்டத்து ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருப்பது பழைய விலாசம். கல்யாணமாகி வேறு தோட்டத்துக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும், அட்டையில் மட்டும் அம்மா வீடு அப்படியே இருக்கும். கவுண்டரில் ஐசியை நீட்டினால் அந்த விலாசமே பதிவாகிவிடும். கொசு கடித்தது உங்கள் லயத்தில், விசாரிக்கப் போவது எங்கேயோ ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்)! அதனால் அந்த இரண்டு குடும்பங்களிடமும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இரத்தம் எடுத்துப் பார்த்தார்களா, எந்த விலாசம் கொடுத்தீர்கள்? விலாசம் தப்பு என்றால் கிளினிக்குக்குப் போன் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து எண் மூன்றும் வேண்டும். இரத்தம் பார்க்காமல் ‘காய்ச்சல்’ என்று எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) மட்டும் வாங்கி வந்திருந்தால் அது டிங்கிக் கணக்கிலேயே சேராது. காய்ச்சல் இன்னும் இருந்தால் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) போகச் சொல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

அப்புறம், கால்வாய். அது அடைத்துக் கிடப்பது தப்புதான், ஆனால் உங்கள் டிங்கிக்குக் காரணம் பெரும்பாலும் அதுவல்ல. நாற்றத் தண்ணீரில் வளர்வது க்யூலெக்ஸ் என்ற வேறு கொசு. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஓடாத, ஓரளவு தெளிந்த தண்ணீர் வேண்டும். அதிகாரிகள் வந்தால் கால்வாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு உங்கள் கொல்லைக்குத்தான் போவார்கள். வேலியோரம் கவிழ்க்காமல் போட்ட பழைய பால் மங்கு (ரப்பர் பால் பிடிக்கிற கிண்ணம்), பூச்சட்டிக்கு அடியில் வைத்த தட்டு, மழைத் தண்ணீர் பிடிக்கிற தொங் (பீப்பாய்), சாமி மேடையில் வாரக்கணக்கில் மாற்றாத பூச்செம்பு. மங்கில் ஒரு வாய்த் தண்ணீர் நின்றாலும் போதும். டார்ச் அடித்துப் பாருங்கள், ஜெந்திக்-ஜெந்திக் என்று மலாயில் சொல்கிற புழு வெளிச்சம் பட்டதும் நெளிந்து கீழே இறங்கும். அதிகாரி கண்ணில் பட்டால் 500 ரிங்கிட் வரை கம்பவுன் (அபராதம்).

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தொங்கின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் சாகாது, அடுத்த மழையில் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேயுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான், ஆகவே வாரத்துக்கு ஒரு முறை கட்டாயம். கொட்ட முடியாத தண்ணீருக்குப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, 10 லிட்டருக்கு 1 கிராம். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், புழுவைத் தொடாது. ஒரு முறை அடித்து, சில நாள் கழித்து மறுபடி அடிப்பது அதனால்தான்.

கால்வாய்க்கும் குப்பைக்கும் தோட்ட நிர்வாகமே பொறுப்பு. தொழிலாளர் குடியிருப்புக்கு 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் இருக்கிறது, நிர்வாகம் அதன்படி சுத்தமாக வைத்திருக்க வேண்டும். மண்டோரிடம் வாயால் சொன்னதோடு விடாமல் ஆபீஸ் கிராணியிடம் (குமாஸ்தாவிடம்) எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அசையாவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். நகராண்மைக் கழகத்துக்குத் தோட்டத்துக்கு வெளியே, டவுன் பக்கத்து வேலைதான் அதிகம். மண்டோர் சொன்னது டவுனுக்குப் பொருந்தும்.

காய்ச்சல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், புரூஃபன் எதுவும் வேண்டாம். காய்ச்சல் இறங்குகிற நாளில்தான் அதிகக் கவனம் தேவை. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் என்றால் காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

புகை அடிக்க வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். சன்னல்களைத் திறந்து, சாப்பாட்டை மூடி, மீன் தொட்டியில் துணி போட்டு, பிள்ளைகளோடு வெளியே வந்து நில்லுங்கள். அரை மணி நேரம் கழித்து உள்ளே போகலாம்.