ஆட்டிசமும் கூட்டுக் கவனமும்: பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஒரு தாய்): என் மகனுக்கு இரண்டரை வயது. பிஸ்கட் வேண்டுமென்றால் என் கையை இழுத்துப்போய் டப்பாவின் மேல் வைக்கிறான். பேச்சுக்கு முன் கூட்டுக் கவனம் வர வேண்டும் என்கிறார்கள். அது என்ன?

பதில்: நீங்களும் அவனும் ஒரே பொருளைப் பார்ப்பது மட்டுமன்று, சேர்ந்து பார்க்கிறோம் என்பதை இருவருமே அறிந்திருப்பதுதான் கூட்டுக் கவனம். பிஸ்கட்டுக்காகக் கையை இழுப்பது கேட்டுப் பெறுவதற்கு. வானில் போகும் விமானத்தைச் சுட்டிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது பகிர்ந்துகொள்வதற்கு. இந்த இரண்டாவது திறன்தான் ஆட்டிசம் (பிறருடன் பழகுவதையும் பேச்சையும் பாதிக்கும் வளர்ச்சி வேறுபாடு) உள்ள குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கடினம். பொதுவாக 9 முதல் 18 மாதங்களுக்குள் இது வளர்கிறது. அம்மா எதைப் பார்த்து 'பலூன்' என்கிறாள் என்று புரியாத குழந்தைக்கு அந்தச் சொல் எதனோடும் ஒட்டாது.

கேள்வி (ஒரு தந்தை): கூப்பிட்டால் பார்ப்பதில்லை. முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பழக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள். பிறகு, உங்கள் கவனத்துக்கு அவனை இழுக்காமல், அவன் கவனத்துக்குள் நீங்கள் போங்கள்: அவன் கார்ச் சக்கரத்தைச் சுழற்றினால், எதிரே தரையில் அமர்ந்து நீங்களும் ஒன்றைச் சுழற்றுங்கள். சோப்புக் குமிழியை இரண்டு முறை ஊதிவிட்டு, மூன்றாம் முறை வளையத்தை உதட்டருகே வைத்துப் பேசாமல் காத்திருங்கள். வளையத்தைப் பார்க்கும் அவன் கண் ஒரு நொடி உங்கள் முகத்துக்கு வந்து போகும். அந்த நொடியிலேயே ஊதுங்கள். கலிஃபோர்னியாவில் ஆட்டிசம் ஆய்வாளர் கோனி கசாரி குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இத்திறனை நேரடியாகப் பயிற்றுவித்த குழந்தைகள் அதில் முன்னேறினர். ஓராண்டுக்குப் பின் பேச்சிலும் அதன் பலன் தெரிந்தது.

கேள்வி (ஒரு பாட்டி): நான் சுட்டிக் காட்டினால் பேத்தி என் விரலையே பார்க்கிறாள்.

பதில்: அப்படியானால் பொருளைத் தொட்டே காட்டுங்கள், அம்மா. படப்புத்தகத்தில் யானையின் மேல் விரலால் தட்டுங்கள். அது பழகியதும் ஒரு சாண் தள்ளி, பின்னர் அறையின் மறுமூலை வரை தூரத்தைக் கூட்டலாம்.

கேள்வி (ஒரு தாய்): நேற்று நாய் குரைத்தபோது மகன் சன்னலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். இதைக் கணக்கில் எடுக்கலாமா?

பதில்: கட்டாயம் எடுக்கலாம், தேதியோடு எழுதி வையுங்கள், எனக்கு மிகவும் மகிழ்ச்சி. அடுத்த முறை மிட்டாயோ கைதட்டலோ கொடுக்காமல், நீங்களும் சன்னலைப் பார்த்து, 'ஆமாம், நாய்!' என்று மட்டும் சொல்லுங்கள். அவன் எதிர்பார்த்தது அதைத்தான்.