கரையோர நடையில் கண்டவை: வாசகர் கேள்விகள்

கேள்வி: இலையுதிர்காலம் முடியும் வேளையில் மணற்கரையில் நடந்தேன். மைனாவைவிடச் சற்றே சிறிய வெண்ணிறப் பறவைகள், அலை வரும்போது ஓடி விலகுவதும் அது திரும்பும்போது பின்னாலேயே ஓடுவதுமாக இருந்தன. அலைக்கு அஞ்சுகின்றனவா?

பதில்: அஞ்சவில்லை, அலையை நம்பித்தான் அவை பிழைக்கின்றன. நீங்கள் கண்டது உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த சாண்டர்லிங் பறவையாகத்தான் இருக்க வேண்டும். அலை பின்வாங்கிய சில நொடிகளுக்கு மணல் நீரில் ஊறிக் குழைந்திருக்கும். அலகு எளிதாக இறங்கும். புழுக்களும் ஓடுடைய சிற்றுயிர்களும் மேல்மட்டத்திலேயே அகப்படும். நீர் வடிந்ததும் மணல் இறுகிவிடும் என்பதால், அதற்குள் கொத்தியெடுக்க வேண்டிய அவசரமே அந்த ஓட்டம். அடுத்த முறை ஈர மணலில் பதிந்த தடத்தைக் குனிந்து பாருங்கள்: முன்விரல்கள் மூன்று மட்டுமே தெரியும். மற்ற உள்ளான்களுக்கு இருக்கும் சிறிய பின்விரல் இதற்கு இல்லை. ஆர்க்டிக் பகுதியின் தூந்திர நிலத்தில் முட்டையிடும் கோடையில் இதன் தலையும் மார்பும் செம்பழுப்பாக இருக்கும்; தெற்கே வந்தபின் இறகுகளை உதிர்த்து, நீங்கள் கண்ட சாம்பலும் வெள்ளையுமான குளிர்காலக் கோலத்துக்கு மாறிவிடுகிறது.

கேள்வி: சேற்றுத்திட்டில், சற்றே மேல்நோக்கி வளைந்த நீண்ட அலகுடைய பறவை ஒன்று நெடுநேரம் ஒற்றைக் காலில் நின்றது. காலில் காயமா?

பதில்: பெரும்பாலும் காயமாக இராது. இறகு மூடாத கால்களின் வழியே உடற்சூடு வெளியேறும். ஒரு காலை வயிற்றிறகுகளுக்குள் மடித்துக்கொண்டால் அந்த இழப்புக் குறையும். மடித்த காலை இறக்காமலே தத்தித் தத்தி நகர்வதும் உண்டு. அலகைக் கொண்டு பார்த்தால் அது பட்டைவால் மூக்கனாக இருக்கலாம். 2022 அக்டோபரில், பிறந்து ஏறத்தாழ 5 மாதமே ஆன இவ்வினப் பறவை ஒன்று, செயற்கைக்கோள் கருவியைச் சுமந்தபடி, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாள்களில் கடந்தது. அத்தகைய பயணத்தில் கரைந்த கொழுப்பை மீட்கவே இவை ஓய்ந்து நிற்கின்றன; படம் எடுப்பதற்காக நெருங்கிக் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பில்தான் கை வைக்கிறோம். பறவை தலையை உயர்த்தி உங்களை நோக்கத் தொடங்கினால், தயவுசெய்து அங்கேயே நின்றுவிடுங்கள்.

கேள்வி: உவர்நிலத்தில் கணுக்கணுவாக, இலையே இல்லாத தண்டுகளுடன் ஒரு செடி சிவந்து கிடந்தது. அழுகிவிட்டதா?

பதில்: அது உமரி. அழுகல் அன்று. ஓராண்டுச் செடி தன் பருவத்தை முடிக்கையில் பச்சையம் குறைய, பீட்ரூட்டுக்கு நிறம் தரும் அதே வகை நிறமி மேலோங்குகிறது. இரண்டும் கீரைக் குடும்பத்துச் செடிகளே. ஒரு கணுவை நசுக்கினால் உப்பு நீர் கசியும். உறிஞ்சிய உப்பைத் திசுவறைகளுக்குள் ஒதுக்கி, நீரையும் அங்கே தேக்கித்தான் அது உவர்மண்ணில் வாழ்கிறது.

கேள்வி: அலை ஒதுக்கிய குப்பை வரிசையை ஒட்டி, ஊதாப் பூக்களுடன் சதைப்பற்றான ஒரு செடி இருந்தது. வெறும் மணலில் எப்படி முளைத்தது?

பதில்: அது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ‘கக்கிலே’ (Cakile) என்னும் செடியாக இருக்கலாம். அதன் காயில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு பகுதிகள் உண்டு. தக்கைபோன்ற மேற்பகுதி கழன்று கடலில் மிதந்து வேறு கரை சேரும்; கீழ்ப்பகுதி காய்ந்த தாய்ச்செடியிலேயே தங்கி, அதே மணலில் புதைந்து முளைக்கும்.