ஓடுகிறவன் முதுகு

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஒருநாள் இரவு இரண்டரை மணிக்கு எங்கள் வீட்டுக்குள் ஒருவன் புகுந்துவிட்டான். சமையலறைச் சன்னல் கம்பியை வளைத்து வந்திருக்கிறான். சத்தம் கேட்டு எழுந்து கூடத்து விளக்கைப் போட்டேன். கையில் என் மடிக்கணினியோடு நின்றான். ஒரு நொடி என்னைப் பார்த்தான், அதைக் கீழே போட்டுவிட்டு வந்த வழியே ஓடிவிட்டான். நான் அசையாமல் நின்றேன். காலையில் என் ஒன்பது வயது மகள், "ஏம்ப்பா அவனை அடிக்கல?" என்று கேட்டாள். அன்றிலிருந்து தூக்கமில்லை. கட்டிலுக்கடியில் இரும்புக் குழாய் வைத்திருக்கிறேன். மதில்மேல் மின்சாரக் கம்பி இழுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். இரவில் வீடு புகுந்தவனைக் கொன்றால்கூடக் குற்றமில்லை என்கிறார் ஒரு வக்கீல் நண்பர். உண்மையா? சட்டம் எப்படியோ, இந்த மாதிரி ஆட்களைக் கட்டிவைத்து நாலு பேர் பார்க்க அடித்தால்தான் பயம் வரும் என்று தோன்றுகிறது. காமிரா, நாய் இதெல்லாம் பயன்படுமா?

ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்த வெட்கத்தை விடுங்கள். தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, உங்கள் கூடத்தில் அந்நியன் ஒருவனைப் பார்க்கிறீர்கள். உடம்பு உறைந்துபோகத்தான் செய்யும். ஆனாலும் நீங்கள் எழுந்தீர்கள், விளக்கைப் போட்டீர்கள், அவன் ஓடினான். வீட்டில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதற்கு மேல் அந்த இரவில் நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

காமிராவும் நாயும் உங்கள் வசதியைப் பொறுத்தது. சன்னல் கம்பியை மாற்றிவிடுங்கள்.

உங்கள் வக்கீல் நண்பர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். இந்தியச் சட்டத்தை வைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். பழைய தண்டனைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 41ஆம் பிரிவு. இரவில் வீட்டை உடைத்துப் புகுகிறவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் அது தற்காப்புக்குள் வரலாம் என்று அது சொல்வது உண்மை. அதற்குச் சற்று முன்னால் 37ஆம் பிரிவு இருக்கிறது. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தீங்கு செய்யும் உரிமை யாருக்கும் எப்போதும் கிடையாது என்கிறது அது. 41ஆம் பிரிவே இதற்குக் கட்டுப்பட்டதுதான். இதைச் சொல்லாமல் அதை மட்டும் சொல்வது ஆபத்து.

சட்டத்துக்கு இரக்கமில்லை என்றும் நினைக்காதீர்கள். பயத்தில் இருக்கிறவன் எத்தனை அடி அடித்தான் என்று தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று நீதிமன்றங்களே பல முறை சொல்லியிருக்கின்றன.

என்னைப் பல வருடங்களாக உறுத்திக்கொண்டிருப்பது வேறு ஒன்று. இந்தச் சட்டங்கள் எல்லாமே நேரத்தைப் பார்க்கின்றன. விவிலியத்தில் யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். திருட வீட்டுச் சுவரில் கன்னம் வைக்கும்போது பிடிபட்டவன் அடிபட்டுச் செத்தால் அடித்தவன்மேல் பழியில்லை. சூரியன் உதித்துவிட்டிருந்தால் பழி உண்டு. ரோமானியர்களின் பன்னிரண்டு பலகைச் சட்டமும் இரவில் வந்த திருடனைக் கொல்ல விட்டது, பகலில் வந்தவன் ஆயுதத்தோடு எதிர்த்தால் மட்டுமே அனுமதித்தது. நம் புதிய சட்டமும் சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் என்றுதான் எழுதியிருக்கிறது. பகலிலும் அவன் அதே திருடன், எடுத்ததும் அதே பொருள். இருட்டில் அவன் கையில் என்ன இருக்கிறது, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எதற்கு வந்தான் என்று உங்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது. விளக்கு எரிந்து, அவன் முதுகைக் காட்டி ஓடும்போது தெரிந்துவிடுகிறது. அத்தோடு உங்கள் உரிமையும் முடிந்துவிடுகிறது.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். 1999இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு பண்ணை வீட்டுக்குள் இரவில் இரண்டு பேர் புகுந்தார்கள். வீட்டுக்காரர் சுட்டார். செத்தவனுக்குப் பதினாறு வயது, குண்டு பாய்ந்தது முதுகில். கொலை என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் அவருடைய மனநிலையைக் கணக்கில் எடுத்துக் குறைத்தார்கள், ஆனாலும் சிறைக்குப் போனார். அந்த நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. எனக்கு அந்த முதுகைத் தாண்டி எந்த வாதமும் மனதில் நிற்கவில்லை.

அப்புறம், கட்டிவைத்து அடிப்பது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். படித்தவர், பெண் குழந்தைக்கு அப்பா, எப்படி உங்களால் இதை எழுத முடிந்தது?

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது எங்கள் வீட்டில் ஒருவனைப் பிடித்தார்கள். அவன் கையில் திருப்புளி இருந்தது. அப்பாவின் உள்ளங்கையை அது கிழித்துவிட்டது. அப்பாவும் சித்தப்பாவும் அவனைக் கீழே தள்ளி, திருப்புளியைப் பிடுங்கி, தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். அதுவரைக்கும் நடந்ததில் எனக்கு இன்றைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் தெருவே வந்தது. அப்பாமேல் மரியாதை வைத்திருந்தவர்கள், அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், எங்கள் வீட்டு வாசலையே அதுவரை மிதிக்காதவர்கள், எல்லாரும் வந்து ஆளுக்கு ஒன்று போட்டார்கள். யாரோ என்னை முன்னால் தள்ளி, "நீயும் ஒண்ணு குடுடா" என்றார்கள். கொடுத்தேன். என் கை வருவதற்கு முன்பே அவன் கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

விடிந்த பிறகு போலீஸ் வந்தது. அவனால் நடக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் என்ன ஆனான் என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை.

அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாக இருந்தபோது ஒருநாள், உள்ளங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே, "கட்டிப்போட்டதும் நான் கதவைச் சாத்தியிருக்கணும்டா" என்றார். எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. உள்ளே வந்தவனிடமிருந்து வீட்டைக் காப்பாற்றினார். கட்டிப்போட்ட பிறகு, அவனும் அவர் வீட்டுக்குள் இருக்கிற ஓர் ஆள். வெளியே இருந்து வந்தவர்களிடமிருந்து அவனைக் காப்பாற்றும் பொறுப்பும் அவருடையதுதான். இதை எந்தப் பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். கையும் காலும் கட்டப்பட்டவன்மேல் விழுகிற அடிக்குத் தற்காப்பு என்று பெயர் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

மின்சாரக் கம்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிகாரில் ஒருவர் தன் கழிப்பறைக்கு வேறு யாரும் போகக் கூடாது என்று வழியில் மின்சாரம் பாயும் செம்புக் கம்பியைக் கட்டினார். அதைத் தொட்ட பக்கத்து வீட்டுப் பெண் செத்துப்போனார். அத்துமீறி வந்தவரிடமிருந்து என் சொத்தைக் காத்தேன் என்று வாதாடினார். உச்ச நீதிமன்றம் 1963இல் அதை ஏற்க மறுத்துத் தண்டனையை உறுதிசெய்தது. கம்பியால் விளக்கைப் போட்டு யாரென்று பார்க்க முடியாது. ஓடுகிறவனா, பந்து எடுக்க ஏறிய பையனா என்று அதற்குத் தெரியாது. இழுக்க ஆரம்பித்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஆரம்பித்திருந்தால் இன்று இருட்டுவதற்குள் கழற்றிவிடுங்கள்.

மகளுக்கு இன்னும் பதில் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவன் ஓடிட்டான்மா, அதனால அடிக்கலை என்று சொல்லுங்கள்.

அன்புடன்.