மூன்றாம் மாதத்தில் எச்பிஏ1சி 5.8 என்று வந்திருக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தே தீருமா?

வந்தே தீரும் என்றில்லை. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. அது 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். 6.5-ஐத் தொட்டால்தான் கர்ப்பத்துக்கு முன்பே இருந்த சர்க்கரை நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் ராத்திரி தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இதற்கு நேர் எதிராக, நன்றாகத் தூங்கி ஏமாந்தவள்.

முதல் குழந்தைக்கு 10-வது வாரத்தில் எனக்கு எச்பிஏ1சி 5.2. நமக்குச் சர்க்கரை கிடையாது என்று முடிவே கட்டிவிட்டேன். 26-வது வாரம் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துப் பார்க்கும் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தபோது, இது எதற்கு என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அப்புறம் போனேன். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் பாதி டம்ளரிலேயே குமட்டியது. இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் வெறும் வயிற்று அளவு 97. பக்கத்திலேயே ‘70–100’ என்று அச்சடித்திருந்ததால் நிம்மதியாகக் கொண்டுபோய் நீட்டினேன். டாக்டர் அந்த 97-ஐப் பேனாவால் வட்டம் போட்டார். அச்சிலிருந்த கணக்கு எல்லோருக்கும் பொதுவானது, கர்ப்பிணிக்கு அது பொருந்தாது.

இந்தப் பரிசோதனையில் பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. மூன்றில் ஒன்று எட்டினாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனமும் 2013-ல் இதை ஏற்றுக்கொண்டது. இதற்கு அடிப்படை, 9 நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2008-ல் வெளியான ஆய்வு. தாயின் சர்க்கரை ஏற ஏற, குழந்தையின் எடையும் சிசேரியன் வாய்ப்பும் படிப்படியாக ஏறிக்கொண்டே போவது அதில் தெரிந்தது. இதற்குக் கீழே பயமில்லை என்று சொல்லும்படி ஒரு கோடு அதில் கிடைக்கவில்லை.

சரி, என் 5.2 ஏன் ஏமாற்றியது? எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. கர்ப்பத்தில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைகிறது, புதிய அணுக்கள் வேகமாக உருவாகின்றன. சர்க்கரை ஒட்டவே நேரமில்லாததால் எண் இறங்கிவிடுகிறது. அதைவிட முக்கியம், நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பது ஆறாம் மாதம் நெருங்கும்போதுதான் வலுக்கிறது. மூன்றாம் மாதத்து ரத்தத்தில் அதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கொழுப்புத் திசு சுரக்கும் அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் குறைவது, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி கூடுவது, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறுவது என்று வேறு சில அடையாளங்களும் முன்கூட்டியே தெரிவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இவற்றில் எதுவும் அந்தக் குளுக்கோஸ் தண்ணீருக்கு மாற்றாக வரவில்லை. இதற்காகத் தனியாகச் செலவு செய்யாதீர்கள்.

24-லிருந்து 28-வது வாரத்துக்குள் அந்தப் பரிசோதனையை எப்படியாவது செய்துவிடுங்கள். உங்கள் 5.8-ஐப் பார்த்துவிட்டு டாக்டர் அதற்கு முன்பே ஒருமுறை செய்யச் சொன்னால் மறுக்காதீர்கள். அப்போது சரியாக வந்தாலும் 24-க்குப் பிறகு மறுபடி செய்யத்தான் வேண்டும். ஒருவேளை வந்தாலும், பலருக்கு உணவை மாற்றி, சாப்பிட்டபின் நடந்தாலே அடங்கிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான், இன்சுலின் தேவைப்படவில்லை. தேவைப்படுகிறவர்கள் தயங்க வேண்டாம்: தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், ஊசியில் போடும் இன்சுலின் தாண்டிப் போகாது என்று சொல்லலாம். பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் இன்னொரு குளுக்கோஸ் பரிசோதனை உண்டு. கைக்குழந்தையோடு இருக்கும்போது நிறையப் பேர் விட்டுவிடுவது இதைத்தான்.

இன்னொன்று, உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுதவில்லை. இரும்புச்சத்து குறைந்தால் சர்க்கரை இல்லாமலேயே எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டும். 5.8-ஐ நினைத்துக் கவலைப்படும் முன் அந்த ரிப்போர்ட்டை எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.