மூச்சடக்க முடியாத அப்பாவுக்கு இதய எம்ஆர்ஐ வேகமாக எடுக்க வழி இருக்கிறதா?

கேள்வியில் 'மூச்சடக்க முடியாத' என்று இருந்ததைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் அப்பாவையும் ஸ்கேன் அறையில் யாராவது கடிந்திருப்பார்கள். என் அப்பாவைக் கடிந்தார்கள். குளச்சல் பக்கம் முப்பது வருஷம் சிப்பிக்கு முங்கிய மனிதரிடம், "பன்னிரண்டு செகண்ட் மூச்சடக்க முடியாதா பெரியவரே?" என்று கேட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறவன். "எக்கோ போதுமே, எம்ஆர்ஐ எல்லாம் காசு பிடுங்கும் வேலை" என்று கீழே ஒருவர் கட்டாயம் வருவார். எங்களுக்கும் எக்கோவில்தான் ஆரம்பம். படம் தெளிவாக விழாமல், பம்பிங் (நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு இதயம் வெளியே தள்ளும் பங்கு) ஒரு இடத்தில் 35 சதவீதம் என்றார்கள், இன்னொரு இடத்தில் 45. நெஞ்சில் கருவி வைப்பதா வேண்டாமா என்ற பேச்சே அந்த 35-ஐத் தாண்டுகிறதா இல்லையா என்பதைச் சுற்றித்தான். எங்கள் டாக்டர் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தது அதனால்தான்.

முதல் தடவை நாகர்கோவிலில். வழக்கமான முறையில் ஒரே துடிப்பில் முழுப் படம் கிடைக்காது. ஈசிஜியைப் பார்த்து, துடிப்புக்குக் கொஞ்சமாகத் தகவல் எடுத்து, பத்துப் பன்னிரண்டு துடிப்பில் ஒரு வெட்டின் (இதயத்தின் ஒரு குறுக்குத் துண்டின்) படத்தை மெஷின் தைத்து முடிக்கும். இதயத்தின் அடியிலிருந்து நுனிவரை அப்படிப் பத்து வெட்டு. பெரும்பாலும் வெட்டுக்கு ஒரு மூச்சடக்கம். அப்பாவுக்கு இடையிடையே துடிப்பு தவறும். தவறினால் தையல் பிசகிப் படம் கலங்கிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் எனக்குப் பிறகுதான் விளங்கியது. "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்றார்கள். அதாவது வெளியே விட்டுவிட்டு நிறுத்த வேண்டும். அப்போதுதான் உதரவிதானம் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும், இதயமும் அப்படியே. அப்பாவின் உடம்பு ஒத்துக்கொள்ளுமா? 'நிறுத்துங்க' என்றதும் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டார். ஒரு வெட்டு நிறைமூச்சில், அடுத்தது அரைமூச்சில். எல்லா வெட்டையும் கூட்டித்தான் கொள்ளளவு கணக்கிடுகிறார்கள். வெட்டு இடம் மாறினால் கணக்கும் போச்சு. ஒரு மணி நேரம் பாடுபட்டு, 'படத்தின் தரம் போதாது' என்று எழுதித் தந்தார்கள். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "மூச்ச வெளிய விட்டுட்டு எவம்லே முங்குவான்?" என்றார்.

இரண்டாம் தடவை திருவனந்தபுரம் போனோம். தூரம் பெரிதில்லை, வழிதான் கொடுமை. நம்ம மலையை உடைத்து ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை தாண்டும் டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் ஒரு நெஞ்சு நோயாளியை உட்கார வைத்துப் பாருங்கள், தெரியும். சரி, அது வேறு கதை.

இந்தத் தடவை போனிலேயே, 'மூச்சடக்காமல் ரியல் டைம் சினி எடுப்பீர்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் போனேன். இது துடிப்புகளைச் சேர்த்துத் தைக்காமல், ஓடுகிற இதயத்தை அப்படியே வீடியோபோலப் பிடிப்பது. எடுக்கும் தகவலைக் குறைத்தால்தான் இந்த வேகம் வரும். பல காயில்களை (சிக்னல் வாங்கும் கம்பிச்சுருள்களை) ஒரே நேரத்தில் கேட்கவைத்துத் தகவலைக் குறைக்கும் சென்ஸ் முறை 1999-இல் வந்தது, அதே வகையைச் சேர்ந்த கிராப்பா 2002-இல். 2007-இல் மைக்கேல் லஸ்டிக்கும் அவருடன் இருந்தவர்களும் கம்ப்ரஸ்டு சென்சிங்கை, அதாவது தகவலை அங்கங்கே விட்டுவிட்டு எடுத்து, விட்டதைக் கணக்குப் போட்டு நிரப்பும் முறையை, எம்ஆர்ஐக்குக் கொண்டுவந்தார்கள். பஸ் பலகையில் அங்கங்கே எழுத்து உதிர்ந்திருந்தாலும் 'தக்கலை' என்று படித்துவிடுகிறோமே, ஏறக்குறைய அதுதான். அங்கங்கே உதிர்ந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒரு பக்கம் மொத்தமாக அழிந்தால் நம்மாலும் படிக்க முடியாது.

கூர்மை கொஞ்சம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். மூச்சடக்க முடிந்தவருக்குப் பழைய முறையே நல்லது. ஆனால் கூர்மையான முறையில் எடுத்தும் கலங்கிப்போன படத்தை வைத்து என்ன செய்வது?

அப்பா சாதாரணமாக மூச்சுவிட்டபடியே படுத்திருந்தார். சினி முழுதும் ஓரிரு நிமிடத்தில் முடிந்தது. இடது கீழறை நிரம்பும்போது 180 மில்லி, சுருங்கிய பிறகு மிச்சம் 112. வெளியே போவது 68, அதாவது 38 சதவீதம். 'வேகமான ஸ்கேன்' என்றதும் ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இதயத் தசையில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க மருந்து ஏற்றினால் அது படிய பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். எங்களுக்கு மொத்தம் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

உங்கள் அப்பாவுக்குத் துடிப்பு தவறுமா, படுத்தால் மூச்சு திணறுமா என்பதை நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். மேசையில் ஏற்றிய பிறகு சொன்னால் கூட்டத்தில் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

அப்புறம், படத்தைப் பென்டிரைவில் கேளுங்கள். எங்களுக்கு சிடியில் தந்தார்கள். இப்போது எந்த லேப்டாப்பில் சிடி போட இடம் இருக்கிறது? டாக்டரிடமும் இல்லை. இதயம் துடிக்கும் வீடியோவைப் பார்க்க வேண்டுமென்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். சிடி இன்னும் டிவி மேல்தான் கிடக்கிறது.