ஒலி குறைந்த குறுந்தகடுகள்

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறேன். இங்குள்ள சாரிட்டி ஷாப்களில் (தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகளில்) பழைய ராக் குறுந்தகடுகள் 50 பென்ஸுக்கும் ஒரு பவுண்டுக்கும் கிடைக்கின்றன. சென்ற வாரம் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்னும் ராக் குழுவின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ தொகுப்பின் முதல் பதிப்பை வாங்கினேன். கைபேசியில் கேட்கும் ரீமாஸ்டரைவிட (பழைய பதிவின் ஒலியை மறுபடி சீரமைத்து வெளியிட்ட வடிவத்தைவிட) இதில் ஒலி குறைவாக இருக்கிறது. இத்தகைய பழைய பதிப்புகளைக் கடையின் பெட்டியிலேயே விட்டுவிடலாமா? எந்த பிளேயர் வாங்கலாம்? எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது இது எதற்கு என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

வாசகர், லெஸ்டர்

அன்புள்ள நண்பருக்கு,

நண்பர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். பிளேயர் எதுவானாலும் சரி. ஆனால், ஒலி குறைவு என்ற காரணத்திற்காக ஒரு நல்ல பதிப்பைப் பெட்டியில் விட்டுவரத் துணிந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. ஒலி போதவில்லை என்றால் குமிழைத் திருப்புங்கள்; அது அதற்காகத்தான் இருக்கிறது.

குறுந்தகட்டில் ஒலி எட்டக்கூடிய உச்சம் ஒன்று உண்டு, அதை எவராலும் தாண்ட முடியாது. 1980களில் தகடு தயாரித்தவர்கள் அந்த உச்சத்தைப் பாடலின் மிக வலுவான கணங்களுக்கென ஒதுக்கி, மற்றவற்றைக் கீழே இருக்கவிட்டார்கள். 1990களில் ஒலியின் உச்சங்களை அழுத்தும் டிஜிட்டல் லிமிட்டர்கள் பரவிய பிறகு, அடுத்தவர் தகட்டைவிடத் தங்கள் தகடு உரக்க ஒலிக்க வேண்டும் என்ற போட்டியில், மெல்லிய பகுதிகளையெல்லாம் உயர்த்தி உச்சங்களை நசுக்கினார்கள். நாதஸ்வரம் ராகம் விரிக்கும்வரை காத்திருந்து தவில் இறங்கும்போது நமக்கு ஏற்படும் அதிர்வு, இரண்டும் ஒரே அளவில் ஒலித்தால் எங்கிருந்து வரும்?

லண்டனில் வேலை பார்த்த நாட்களில், நீங்கள் வாங்கிய அதே தொகுப்பை ஒரு நண்பரின் அறையில் கேட்டேன். அவரும் அதைத் தள்ளுபடிப் பெட்டியிலிருந்துதான் எடுத்திருந்தார். 1985இல் வெளிவந்து, குறுந்தகடாகப் பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் தொகுப்பு அது என்பதால் இன்றும் எல்லாப் பெட்டிகளிலும் அகப்படுகிறது. ‘மணி ஃபார் நத்திங்’ பாடலில் பாடகர் ஸ்டிங்கின் குரல் எங்கோ தொலைவிலிருந்து வருகிறது, ட்ரம்ஸ் மேலும் மேலும் ஏறி வந்து சட்டென நிற்கிறது, அந்த வெளியில் குழுவின் தலைவர் மார்க் நாஃப்ளரின் கித்தார் தனியாக வெட்டிக்கொண்டு இறங்குகிறது. அன்று நாங்கள் இருவரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தோம். தொடக்கம் அவ்வளவு மெல்லியதாக இருந்ததால்தான் அது நிகழ்ந்தது.

2008இல் மெட்டாலிகா என்னும் ராக் குழுவின் ‘டெத் மேக்னடிக்’ வெளியானபோது, குறுந்தகட்டைவிட ‘கிட்டார் ஹீரோ’ என்னும் வீடியோ விளையாட்டில் இருந்த வடிவம் தெளிவாக ஒலிப்பதை ரசிகர்களே கண்டுபிடித்து, மறுபடி மாஸ்டர் செய்யக் கோரிக் கையெழுத்துத் திரட்டினார்கள். இணைய இசைத்தளங்கள் இன்று பாடல்களின் ஒலியளவைச் சமன்படுத்துகின்றன என்பது உண்மை. ஆனால் ஒருமுறை நசுக்கிய உச்சத்தை அவற்றால் மீட்டுத் தர முடியாது.

பழையது எல்லாமே உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. தொடக்ககாலக் குறுந்தகடுகள் பலவும் மூல நாடாவிலிருந்து அல்லாமல், பிரதியின் பிரதியிலிருந்து அவசரமாக எடுக்கப்பட்டவை. லெட் ஸெப்பெலின் குழுவின் பாடல்களை அதன் கித்தார் கலைஞர் ஜிம்மி பேஜ் 1990இல் ஒலிப் பொறியாளர் ஜார்ஜ் மரினோவுடன் அமர்ந்து ரீமாஸ்டர் செய்ததற்குத் தேவை இருந்தது. அட்டையில் உள்ள ‘ரீமாஸ்டர்’ என்ற அந்த ஒரு சொல்லை நம்பாமல், உங்கள் காதை நம்பி பழைய பதிப்பு, புதிய பதிப்பு இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேளுங்கள்.

வாங்கும்போது தகட்டின் பளபளப்பான பக்கத்தில் இருக்கும் சிறு கீறல்களுக்கு அஞ்ச வேண்டாம். அச்சிட்ட பக்கத்தைப் பாருங்கள். அலுமினியப் பூச்சு அந்த மெல்லிய அரக்குக்கு அடியில்தான் இருக்கிறது, அங்கே விழும் கீறல் பாடலையே அழித்துவிடும். நடு வளையத்தில் ‘மேட் இன் யு.கே. பை பி.டி.ஓ.’ என்று தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் இருந்து, விளிம்பு வெண்கல நிறத்திற்கு மாறியிருந்தால், அது 1988 முதல் 1993 வரை அந்த நிறுவனத்தின் பிளாக்பர்ன் நகர ஆலையில் பழுதான பூச்சோடு வெளிவந்த தகடுகளில் ஒன்றாக இருக்கக்கூடும். அதையும் விட்டுவிடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து அன்றைக்கே கணினியில் பிரதி எடுத்துவிடுங்கள்.